தேவையில்லாத செலவு

ஜூன் 3, செவ்வாய்

சிமெண்ட் கம்பெனி கொடுத்த டைரி ஐந்து மாதமாக பீரோவுக்கு மேல் உறை பிரிக்காமல் கிடந்தது. இன்று பிரித்தேன். இனிமேல் வக்கீல் செலவு ஒவ்வொன்றும் என் பார்வைக்கு வந்துதான் போக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எதை ஏன் வெட்டினேன் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்தால், பின்னால் யாராவது கேட்கும்போது முழிக்க வேண்டியதில்லை.

அண்ணன் தங்கமாரியப்பன் அரசு காண்ட்ராக்டர். ரோடு, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம் என்று எடுத்துச் செய்கிறார். விருதுநகர் ஆபீஸில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் தவமணி. நரியன்குளம் ஓடைப் பாலம் ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கட்டியது. இரண்டு வருஷம் முன்பு பாலத்தை ஒட்டின பக்கச் சுவரில் ஒரு விரிசல் விட்டது. அதைப் பார்க்க வந்த, வேலை கொடுத்த அரசுத் துறையின் புது இன்ஜினியர், விரிசலைப் பார்த்ததோடு போகாமல், பாலத்துத் தூண்களும் தரமில்லாத கான்கிரீட் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். துறை எங்கள் பாக்கிப் பணத்தை நிறுத்தியது. கம்பெனியைக் கருப்புப் பட்டியலில் வைக்கப்போவதாக நோட்டீசும் விட்டது. அதை எதிர்த்துத்தான் மதுரையில் நடுவர் முன்னால் வழக்கு. தோற்றால் இனி ஒரு வாய்க்காலுக்குக்கூட நாங்கள் டெண்டர் போட முடியாது. எங்களை நம்பி நூற்றுச் சொச்சம் குடும்பம் இருக்கிறது.

"நீ கை வச்சாத்தான் வடிவு அந்த வக்கீலு அடங்குவாரு. ஒங்கிட்ட ஒத்த ரூவா ஏமாத்த முடியாதுல்ல" என்றார் அண்ணன்.

சண்முகவடிவு என்றால் கஞ்சம் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும். ஊதாரி என்று பேர் எடுப்பதற்கு இது தேவலை.

ஜூன் 7, சனி

வக்கீல் ஜெயசீலன் அனுப்பிய மே மாத பில்லை உட்கார்ந்து பார்த்தேன். அடேயப்பா! ஐந்து செட் நகல் போதும் என்கிற இடத்தில் ஏழு செட். அன்றைக்கே வேறு இரண்டு வழக்குக்கும் போனவர், கார் வாடகையை முழுசாக எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். வாய்தா வாங்க மட்டும் போய் நின்ற நாளுக்கு முழு வாதம் செய்த கட்டணம். நடுவரின் விசாரணை, அதாவது சிட்டிங், நடந்த ஓட்டல் ஹாலில் காபி மட்டும் எத்தனை! ஐந்து பேர் அவ்வளவு காபி குடித்தால் வழக்கு நடக்காது, வயிற்றுப்போக்குதான் நடக்கும்.

போன் போட்டேன். "மேடம், நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

"படிச்சிருந்தா உங்க பில்ல நான்தான சார் போட்டிருப்பேன்" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான். கேட்டால் குறைக்கிறார், கேட்காதவரை எழுதுகிறார்.

சாயங்காலம் இட்லிக்கு ஆட்டினேன். கிரைண்டர் பெல்ட் நழுவுகிறது, மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அடுத்த மூன்று மாதத்துக்கு என்னென்ன செலவு வரும் என்று வக்கீல் மதிப்பீடு அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்று கோர் டெஸ்ட். தூணில் மிஷின் வைத்துத் துளை போட்டு, முறுக்குக்குழல் கனத்தில் கான்கிரீட்டை உருவி எடுத்து, இன்ஜினியரிங் காலேஜ் லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு பாரம் தாங்கி உடைகிறதோ அதுதான் கான்கிரீட்டின் யோக்கியதை. மிஷின் வாடகை, லேப் கட்டணம், கூட நிற்கிற வக்கீலின் படி என்று ஒரு நீளத்துக்குப் போட்டிருந்தார்.

வெட்டிவிட்டேன். தரமில்லை என்று சொல்வது துறை. அப்படியென்றால் நிரூபிக்க வேண்டியதும் அவர்கள்தான். அவர்கள் குற்றச்சாட்டுக்கு நாம் ஏன் கைக்காசு போட வேண்டும்? 'தேவையில்லாத செலவு' என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். வக்கீலும் "பாயிண்ட்தான் மேடம்" என்று ஒப்புக்கொண்டார். சட்டமே என் பக்கம் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

தண்ணீர்த் தொட்டியை நானே இறங்கிக் கழுவினேன். போன மாதம்தான் ஆள் வைத்துக் கழுவியது.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் அண்ணன் வீட்டில் கறிச்சோறு. சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "மச்சான், கோர் எடுத்துருவோம். எத்தன சிட்டிங்தான் வாயாலயே பேசிக்கிட்டு இருக்கது? கல்லு சொல்லட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வக்கீலு வேணாம்னுட்டாரு" என்று நான் சொன்னேன்.

வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றதற்குத் தலையாட்டினார். கடைசியில் இரண்டும் ஒன்றுதானே.

இவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணன்தான் துறையைத் திட்டிக்கொண்டே எலும்பைக் கடித்தார். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் மாப்ள. அவனுகளுக்குத் தைரியம் இருந்தா அவனுகளே எடுத்திருக்க மாட்டானுகளா?"

எனக்குப் புரையேறிவிட்டது. அண்ணி தலையில் தட்டி, "யாரோ நினைக்காக" என்றார்.

ஜூன் 23, திங்கள்

இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போய் இரண்டு அறையையும் பெருக்கித் துடைத்தேன். மகன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனதிலிருந்து ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. இன்னொன்றில் நாங்கள் படுக்கிறோம். காற்றோட்டமான அறை. ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடி வேம்பு தெரியும்.

மாடி கட்டியதும் நரியன்குளம் பாலம் கட்டின வருஷம்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏதோ எழுத வந்தேன், என்னத்தையோ எழுதுகிறேன்.

ஜூன் 30, திங்கள்

தூக்கம் வராதவர்களுக்கு கசகசா பால் நல்லதாம், அண்ணி சொன்னார். குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, எழுதியே தொலைக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள்! பாலத்துத் தூண் வேலை நடந்தபோது அண்ணன் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். சைட் முழுக்க இவர் கையில். சிமெண்ட் வந்தது, போனது எல்லாம் இவர் சொன்னதுதான் கணக்கு. அதே சமயத்தில் வீட்டில் மாடி எழும்பியது. "பணம் ஏது?" என்று கேட்டேன். "சீட்டு விழுந்துச்சு" என்றார். எங்கள் வீட்டுச் சீட்டு அத்தனையும் கட்டுவது நான். எந்தச் சீட்டும் விழவில்லை. மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த மூட்டைகள் பாலத்துக்கு வந்த அதே கம்பெனி மூட்டைகள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் பட்டுச்சேலை கேட்டேன். வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 5, சனி

ஜூன் மாத பில். வக்கீல் ஒழுங்குக்கு வந்துவிட்டார். ஐந்து செட் நகல்தான். கார் வாடகையை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார். வெட்ட ஒன்றும் இல்லாததால் எனக்கு எரிச்சலாக வந்தது.

துறை ஏதோ சமரசத்துக்கு இறங்கி வருவதாக வக்கீல் சொன்னார். பாக்கியில் முக்கால்வாசி தருவார்களாம், கருப்புப் பட்டியலும் கிடையாதாம். ஆனால் தரத்தைப் பற்றி எழுதினதைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். இனி ஆகப்போகிற செலவையும் வரப்போகிற பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மனதாரச் சொல்கிறேன், கணக்கு சுத்தமான கணக்கு.

"வடிவு, பணத்த விடு. என் பாலத்த மண்ணுன்னு எழுதிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். அத அழிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். மாப்ள ராப்பகலா நின்னு கட்டுன பாலம்" என்றார் அண்ணன்.

அந்தக் கடைசி வாக்கியத்தோடு என் கணக்குத் தாளை மடித்துவிட்டேன். "சரிண்ணே" என்றேன்.

ஜூலை 9, புதன்

மதுரையில் சிட்டிங். அண்ணனும் இவரும் போனார்கள். இன்றைக்கு இவருடைய சாட்சி. நான் ஆபீஸில் உட்கார்ந்து ஒரே கூட்டலை நான்கு தடவை போட்டேன்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அண்ணன் முகம் சிவந்திருந்தது. நடந்ததை அவரே சொன்னார். நடுவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ், அதிகம் பேசாதவர். இவர் சாட்சி சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, பிறகு ஏன் கோர் சோதனைக்குப் போகவில்லை? பயப்படுகிறீர்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்டாராம். துறை வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். எங்கள் வக்கீலுக்கு வேறு வழியில்லை. "செலவு அதிகம் என்று என் கட்சிக்காரரின் ஆபீஸில் வேண்டாம் என்றார்கள்" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் சோதனை செய்ய நடுவர் உத்தரவு போட்டுவிட்டார். அந்த ஒரு சிட்டிங் முழுக்க தண்டம்.

"ஏ வடிவு! பத்து ரூவா மிச்சம் புடிக்கேன்னு பாலத்தையே வித்துருவ போலிருக்கே. ஒன் கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று அண்ணன் கத்தினார். கத்திவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தார். ஆபீஸ் பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. "வக்கீல்தான் வேணாம்னாருன்னு சொன்ன" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோருக்கும் நான் கஞ்சம். இவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவர். உயிருக்கும் மானத்துக்கும் என்றால் நான் கஞ்சம் பார்க்க மாட்டேன் என்று இவருக்குத் தெரியாதா?

ஜூலை 10, வியாழன்

இரண்டு தோசைதான் சாப்பிட்டார். வழக்கமாக ஐந்து.

ஜூலை 14, திங்கள்

பேசுகிறார். பேசவில்லை என்று சொல்ல முடியாது. "பால்காரனுக்குக் குடுத்துட்டியா", "மோட்டார் போட்டுட்டியா" என்றெல்லாம் பேசுகிறார். முன்பு சைட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வார். கம்பி கட்டுகிறவன் காதல் கதை வரை எனக்குத் தெரியும். இப்போது அது இல்லை.

நான்தான் வீட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் அலைகிறேன். அரிசிப் பானையைக் கவிழ்த்து வண்டு பார்த்தேன். வண்டு இல்லை. வக்கீலுக்குப் போன் போட்டு, துளை போடுகிற இடங்களைக் குறைத்தால் செலவு குறையுமே, ஆறுக்குப் பதில் மூன்று போதாதா என்று கேட்டேன்.

"மேடம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் விட்ருங்க. போன தடவையே என் மானம் போச்சு" என்றார் பாவம்.

ஜூலை 18, வெள்ளி

கோர் எடுக்கிற நாள். ஆடி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றேன். அண்ணன், "வா, வா. மிஷின் வாடகைய அங்கயே நின்னு குறைப்ப" என்று கேலி செய்தார்.

ஆறு வருஷத்தில் அந்தப் பாலத்துக்கு இன்றைக்குத்தான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் மேலே போயிருக்கிறேன். கீழே ஓடை வறண்டு கிடந்தது. சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. தூண்கள் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற கனம். துறை இன்ஜினியர் சாக்பீஸால் ஐந்து இடத்தில் வட்டம் போட்டார். ஆறாவதை எங்கள் பக்கம் காட்டலாம் என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் என்றால் என் வீட்டுக்காரர்தான். நல்ல இடமாகப் பார்த்து ஒன்றைக் காட்டிவிட வேண்டியதுதானே!

இவர் சாக்பீஸை வாங்கித் துறை இன்ஜினியர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "ஆறாவதும் நீங்களே போடுங்க சார். உங்களுக்கு எங்க சந்தேகமோ அங்க."

அண்ணன் பெருமையோடு என் பக்கம் திரும்பினார். நெஞ்சில் ஒன்றும் இல்லாதவரும் அப்படித்தான் சொல்வார். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று துணிந்தவரும் அப்படித்தான் சொல்வார். எது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறமும் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மிஷின் போட்ட சத்தத்தில் பல் கூசியது. தண்ணீரும் சிமெண்ட் பாலுமாக வழிந்தது. உருவி எடுத்த துண்டுகளில் இரண்டு பக்கத்து ஆளும் கையெழுத்துப் போட்டுச் சாக்கில் கட்டி சீல் வைத்தார்கள். துளைகளைக் கலவை வைத்து அடைத்தார்கள். திரும்பி வரும்போது ஜீப்பில் அண்ணன் மட்டும் பக்கத்து ஊர் பனங்கிழங்கைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இவர் தன் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தார். காக்காய்க்குச் சோறு வைத்தோம். உடனே வந்து எடுத்தது. முன்பெல்லாம் அதை ஒரு நல்ல சகுனமாகச் சொல்லிச் சந்தோஷப்படுவோம். இன்றைக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

கிரைண்டர் பெல்ட் மாற்றியாயிற்று. இன்னும் சத்தம் வருகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

நாளைக்கு ரிசல்ட். காலேஜ் லேபிலிருந்து நேரே நடுவருக்கும் இரண்டு வக்கீலுக்கும் அனுப்புவார்களாம்.

சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மாடிக்கு வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "வடிவு, ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்க."

"நாளைக்கு ரிசல்ட் வந்துரும். வந்த பெறகு யாரு வேணாலும் எதையும் சொல்லலாம். இன்னைக்குச் சொல்லு. நான் அந்தத் தூணுல கை வச்சிருப்பேன்னு நெனைக்கியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு கூட வேண்டாம். கையில் அவருடைய சட்டை இருந்தது. அதை மடித்தேன். விரித்து மறுபடி மடித்தேன்.

"அப்ப மாடிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"மாடிய விடு. அதுக்குப் பதில் எங்கிட்ட இருக்கு. நான் சொன்னா நீ நம்பிருவ. சொல்லாமலே நம்புவியான்னுதான் கேட்டேன்."

கீழே யாரோ கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து பெல் அடித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஓடினேன். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டுத் திரும்ப மேலே வந்தபோது, மிச்சத் துணியை எல்லாம் அவரே மடித்து வைத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்து, "இதுக்கு இவ்வளவு யோசிச்சியே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். வக்கீலிடம் அவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு, கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாஸ். ஆறும் பாஸ். எதிர்பார்த்த பலத்தைவிடக் கூடவே இருக்கிறதாம். துறை இன்ஜினியர் தேடிப் பிடித்துப் போட்ட ஆறாவது வட்டம்தான் எல்லாவற்றிலும் அதிக பாரம் தாங்கியிருக்கிறது. பக்கச் சுவர் விரிசல் மண் இறங்கினதால் வந்தது என்று லேப்காரர்களே எழுதிவிட்டார்களாம்.

அண்ணன் இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஆபீஸ் முழுக்க அல்வா. கம்பி கட்டுகிறவர்களுக்கும் சேர்த்து டெம்போவில் பிரியாணி போயிற்று. இன்றைக்கு நான் எந்தச் செலவையும் கேட்கவில்லை.

வக்கீல் போன் பண்ணினார். இனி செலவுத்தொகை முழுவதையும் துறை தலையில் கட்டக் கேட்கலாம், பட்டியல் தயார் பண்ணுங்கள் என்றார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, "மேடம், ஜூலை ஒம்பதாம் தேதி சிட்டிங் மட்டும் கேக்க முடியாது. அது நம்மளால ஆன தாமதம்" என்றார்.

"தெரியும் சார். அது என்னால ஆனது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "எனக்குத் தெரியும், நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்கன்னு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

"நீ ரிப்போர்ட்ட நம்புற வடிவு" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேட்டேவிட்டேன். "மாடிக்குப் பணம் ஏது?"

"அக்கா குடுத்துச்சு."

சிங்கப்பூரில் இருக்கிற கனகமணி மதினி. இவருடைய ஒரே அக்கா. எங்கள் கல்யாணத்து நகை விஷயத்தில் அவர் என்னமோ சொல்லப்போய், நானும் பதிலுக்குச் சொல்லி, மதினியும் நானும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காயிற்று. மதினி வீட்டு விசேஷத்துக்கு நான் போகவில்லை. இவரையும் போக விடவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல?"

"அக்கா காசுன்னு தெரிஞ்சா நீ மாடியக் கட்ட விட்டிருப்பியா? கட்டுனதையும் இடிக்கச் சொல்லியிருப்ப. அதான் சீட்டுன்னேன். மூட்டைய நான் அதே கடையில காசு குடுத்து வாங்குனேன். ரசீது வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. இவர் தேற்றவில்லை. அப்புறம் கேட்டார்.

"ஆறு வருஷம். திருட்டுக் காசுன்னு நெனச்சுக்கிட்டேதான் அந்த மாடியில படுத்துத் தூங்குனியா?"

நான் அவரைச் சந்தேகப்பட்டேன் என்பதைத்தான் இத்தனை நாள் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆமாம், தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பால் காய்ச்சினேன். பாலம் இடிந்து ஒரு பஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை. கோர் டெஸ்ட் என்று வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. அதுவும் இவர் மாட்டிக்கொள்வாரே என்றுதான்.

இவர் கீழே ஹாலில் படுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

செலவுப் பட்டியல் போட்டு முடித்தேன். கோர் டெஸ்டைத் துறையிடம் கேட்கும் செலவில் சேர்த்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி சிட்டிங் செலவைத் தனியாக எடுத்து, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னேன். "கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? ஒரு கஞ்சப் பிசினாறி வாயில இருந்து இதக் கேக்க நான் என்ன புண்ணியம் பண்ணுனேனோ" என்றார். விவரம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டு, இவர் போனில் மதினி நம்பரைத் தேடி எடுத்து என் போனிலிருந்து அடித்தேன். இவர் வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பேச்சு கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மதினி, நான் வடிவு பேசுறேன்."

"என்ன? தம்பிக்கு ஒண்ணுமில்லையே?" என்று பதறினார்.

"அவங்க நல்லா இருக்காங்க மதினி. மாடிக்கு நீங்க பணம் குடுத்தீங்கன்னு முந்தாநேத்துத்தான் தெரியும். அதான்..."

"அடப்பாவி! இத்தன வருஷமா சொல்லவே இல்லையா அவன்? ஏன்டி, அப்ப அவ்வளவு காசு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்த?"

சும்மாதான் கேட்டார். உள்ளே ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. சீட்டு விழுந்ததாக நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்ல வாயும் எடுத்தேன். இவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலத்து சிமெண்ட்ட வித்துட்டாங்கன்னு நெனச்சேன் மதினி. திருடிட்டாங்கன்னு நெனச்சேன்."

உலகத்தில் யாரிடம் இதைச் சொல்லக்கூடாதோ அவரிடம் சொன்னேன். இனி அந்தக் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதிலும் மதினி இதைச் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

"போன அவன்கிட்ட குடு" என்றார் மதினி. குரலே மாறிப்போயிருந்தது.

கொடுத்தேன். அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். போனிலிருந்து மதினி கத்துவது இங்கே வரை கேட்டது. என் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது. இவர் ரொம்ப நேரம் "ம்... ம்..." என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம், "விடுக்கா. அவளத் திட்டாத. நான் ஜெயிலுக்குப் போயிருவேன்னு பயந்துட்டா. அந்த டெஸ்ட்ட எப்படியாவது நிறுத்தத்தான் அவளும் பாத்தா" என்றார்.

குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. நான் அதைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.